இருபது சொல் வேண்டாம், பத்து வரி போதும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பிள்ளைகள் தினம் இருபது ஆங்கிலச் சொற்களை மனப்பாடம் செய்தால் ஐந்தாம் படிவத்தில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வில் ஆங்கிலம் ஒரு பிரச்சினையே இல்லை என்று சென்ற ஞாயிறு இதழில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். நல்ல எண்ணத்தில்தான் எழுதியிருக்கிறார். ஆனால் அந்த இருபது சொல் வைத்தியத்தை எங்கள் வீட்டில் ஏற்கெனவே செய்து பார்த்தாயிற்று.

ஐந்தாம் ஆண்டு படிக்கும் என் பேரனை மாதம் 80 ரிங்கிட் கட்டி ஒரு டியூஷனுக்கு அனுப்பினோம். தினம் ஒரு பட்டியல் வரும். 'ரேவனஸ்' என்றால் கடும்பசி என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வான். அடுத்த வாரம் கட்டுரையில், 'தாத்தா ரேவனஸான குரலில் என்னைக் கூப்பிட்டார்' என்று எழுதி வைத்திருந்தான். "சோறு லேட்டானால் நான் அப்படித்தானே கூப்பிடுவேன்" என்றார் என் வீட்டுக்காரர். எல்லாரும் சிரித்தோம். எனக்கு மட்டும் கொஞ்சம் சுருக்கென்றது. நானும் ஒரு காலத்தில் அப்படிப் படித்தவள்தான்.

கெடாவில் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி, அப்புறம் இடைநிலைப் பள்ளிக்குத் தயார் செய்யும் புகுமுக வகுப்பு, மூன்றாம் படிவத்தோடு படிப்பு நின்றது. பினாங்கு பாயான் லெப்பாஸில் ஒரு மின்னியல் தொழிற்சாலையில் 31 வருஷம் வேலை பார்த்தேன். வந்த புதிதில் பஸ் ஏறி "வெல்ட் குவே" என்று டிக்கெட் கேட்டேன். கண்டக்டர் "கீ! கீ!" என்றார். சாவி எதையோ கேட்கிறார் என்று நினைத்துக் கைப்பையைத் துழாவினேன். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. கியூ, யூ, ஏ, ஒய் என்று எழுதிவிட்டு 'கீ' என்று படிப்பார்கள் என்று யாருக்குத் தெரியும்? கப்பலும் படகும் வந்து அணையும் துறைக்கு அந்தப் பெயர், 1880களில் இங்கே கவர்னராக இருந்த வெல்ட் என்பவரின் பெயர் அதோடு ஒட்டிக்கொண்டது என்று பின்னால் தெரிந்துகொண்டேன். அந்தச் சொல் அதற்கப்புறம் மறக்கவேயில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2004 டிசம்பர் 26-ல் சுனாமி வந்து நம் பினாங்குக் கரையிலும் உயிர்கள் போயின. அந்த வாரம் கேண்டீனில் கிடந்த ஆங்கிலப் பத்திரிகையில் 'பாக்சிங் டே' என்று போட்டிருந்தது. இவ்வளவு பெரிய துக்கத்தில் குத்துச்சண்டை எங்கிருந்து வந்தது என்று எனக்கு விளங்கவில்லை. எங்கள் லைன் லீடர் சீனப் பெண், என்னைவிட நன்றாக ஆங்கிலம் பேசுவாள். அவளுக்கும் தெரியவில்லை. இங்கிலாந்தில் கிறிஸ்மஸுக்கு மறுநாள், வருஷமெல்லாம் வேலை செய்த ஆட்களுக்கும் தபால்காரருக்கும் காசோ பொருளோ கொடுக்கும் வழக்கம் இருந்தது, அதற்குக் 'கிறிஸ்மஸ் பாக்ஸ்' என்று பெயர், அதிலிருந்துதான் பாக்சிங் டே என்று பல வருஷம் கழித்துத்தான் ஒரு புத்தகத்தில் படித்தேன். சரி, தீபாவளிக்குக் குப்பை எடுக்க வருபவருக்கு நாம் உறையில் காசு வைத்து அங்பாவ் கொடுக்கிற மாதிரிதான் என்று மனதில் உட்கார்ந்துவிட்டது. அகராதியில் 'கிறிஸ்மஸுக்கு அடுத்த நாள்' என்று மட்டும் பார்த்திருந்தால் இது கிடைத்திருக்காது.

டியூஷனை நிறுத்திவிட்டோம். இப்போது சௌராஸ்டா மார்க்கெட் மாடியில் பழைய புத்தகக் கடைகளுக்கு நானும் பேரனும் போகிறோம். அட்டை கிழிந்த கதைப் புத்தகம் நாலு ரிங்கிட், பேரம் பேசினால் மூன்று. இரவு சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு பக்கம், சத்தமாக. முதல் தடவை தெரியாத சொல் வந்தால் நிற்கக் கூடாது, தாண்டிப் போக வேண்டும். இரண்டாம் தடவை பென்சிலால் கோடு. அதில் பாதிக்கு அர்த்தம் அவனே ஊகித்துவிடுவான். மிச்சத்துக்குத்தான் அகராதி.

போன மாதம் ஒரு கதையில் கப்பல் கேப்டன் ஒருவர் சூப் குடித்தார். பேரன் அந்த இடத்தில் தடுக்கினான். "முல்... லி... க... டா..." நானும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எட்டிப் பார்த்தேன். முல்லிகடானி. "இன்னும் வேகமாகச் சொல்லு" என்றேன். மூன்றாம் தடவை சொல்லும்போது அவனே நிறுத்திவிட்டு, "பாட்டி, மிளகுத்தண்ணியா?" என்றான். அதேதான். வெள்ளைக்காரர்கள் மிளகுத்தண்ணீரை வாங்கிக்கொண்டு போய், இறைச்சியும் கறித்தூளும், சில வீடுகளில் ஆப்பிளும் போட்டு வேறு எதையோ காய்ச்சிவிட்டார்கள். ரசத்தில் ஆப்பிளா என்று என் வீட்டுக்காரருக்கு இன்னும் ஆறவில்லை. பையனோ மறுநாள் பள்ளியில் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறான்.

இதை நான் எழுதக் காரணம் உங்கள் மாணவர் பக்கம்தான். அதில் வாரம் பதினைந்து ஆங்கில மரபுத்தொடர், எதிரே தமிழ் அர்த்தம் என்று கட்டம் போட்டு வருகிறது. 'நியூகாசிலுக்கு நிலக்கரி கொண்டு போதல்' என்பதற்கு 'வீண் வேலை' என்று போட்டிருந்தீர்கள். தப்பில்லை, ஆனால் ருசியில்லை. நியூகாசில் நிலக்கரி வெட்டிக் கப்பலேற்றிய ஊர், அங்கேயே யாராவது நிலக்கரி கொண்டு போய் விற்பார்களா என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம். நம்மூரில் கொல்லன் தெருவில் ஊசி விற்பது என்கிறோமே, அதுதானே இது? அந்தப் பழமொழியையும் பக்கத்தில் போட்டால் பிள்ளைக்கு இரண்டு மொழியும் சேர்ந்து வரும்.

பதினைந்தைக் குறைத்து ஒன்றாக்குங்கள். மீதி இடத்தில் பத்து வரி ஆங்கிலம், கதையோ செய்தியோ, பெரிய எழுத்தில் போடுங்கள். பெற்றோருக்கு ஆங்கிலம் வராவிட்டாலும் பரவாயில்லை. பிள்ளை படிக்க, பக்கத்தில் உட்கார்ந்து "அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேட்டால் போதும்.

முதல் வாரத்துக்கு ஒன்றை நானே தருகிறேன். 'ஸ்பெண்ட் எ பென்னி' என்றால் ஒரு காசு செலவழிப்பது என்று நினைக்க வேண்டாம், கழிப்பறைக்குப் போய் வருவது. இங்கிலாந்தில் அந்தக் காலத்தில் பொதுக் கழிப்பறைக் கதவு ஒரு பென்னி போட்டால்தான் திறந்தது. பஸ் நிலையத்து வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருப்பவரிடம் முப்பது சென் காசை எண்ணிக் கொடுத்துவிட்டு ஓடியவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டுமா என்ன?

இப்படிக்கு,
ஒரு பாட்டி, ஆயர் ஈத்தாம், பினாங்கு