சாணைக்கல்லை நிறம் பார்த்து வாங்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

மரக்காலையில் பேண்ட் சோ பிளேட், அதாவது இரண்டு சக்கரங்களின் மேல் வளையமாக ஓடும் அறுப்பு வாள், அறுந்தால் முதலில் திட்டு வாங்குவது உருக்குத்தான். "சாமான் சரியில்லை" என்று வேறு பிராண்டுக்கு மாறுவார்கள். அறுந்த துண்டை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். வெடிப்பு பெரும்பாலும் இரண்டு பற்களுக்கு நடுவிலுள்ள குழியின் அடியிலிருந்துதான் கிளம்பியிருக்கும். அந்தக் குழியில் மயில் கழுத்து நிறத்தில் ஒரு நீலக் கறையும் இருந்தால், பிளேட்டைக் கெடுத்தது மரமோ உருக்கோ அல்ல, தீட்டிய சாணைக்கல்.

நீலம் தெரிகிற இடம் ஏறத்தாழ 300 பாகை செல்சியஸைத் தொட்டிருக்கிறது. கல் நேரடியாக உரசிய மேல்தோல் அதைவிட மிக அதிகமாகச் சுட்டிருக்கும். கல் நகர்ந்ததும் சுற்றியுள்ள குளிர்ந்த உருக்கு அந்தச் சூட்டை நொடியில் இழுத்துவிடுவதால், கொல்லன் பட்டறையில் நீரில் தோய்த்ததுபோல அந்தத் தோல் கண்ணாடியாக இறுகிவிடும். பிளேட்டோ சக்கரங்களின் மேல் நிமிடத்துக்கு நூற்றுக்கணக்கான தடவை வளைந்து நிமிர்கிறது. கண்ணாடி வளையுமா? அங்கே கீறல் விழும், நாலைந்து நாளில் அதுவே வெடிப்பாகும். நீலத்தை மெல்லிய ஓட்டம் ஒன்றில், அதாவது கல்லை லேசாக ஒரு தடவை ஓட்டி, துடைத்துவிடலாம், ஆனால் இறுகிய தோல் அடியில் அப்படியே கிடக்கும். சந்தேகம் இருந்தால் அரத்தை அந்த இடத்தில் வைத்துத் தள்ளிப் பாருங்கள். கடிக்காமல் வழுக்கினால் அது எரிந்த பல். செட் போடும்போது, அதாவது பற்களை மாறி மாறி இருபுறமும் வளைக்கும்போது, பல் முறிவதும் இதனால்தான்.

கொழும்பு பழைய சோனகத் தெருவின் ஹார்ட்வெயார் கடைகளில் கல் வாங்கப் போகிறவர் பெரும்பாலும் "வெள்ளைக் கல்", "பிங்க் கல்", "பச்சைக் கல்" என்றுதான் கேட்கிறார். நிறம், கல்லில் உருக்கை வெட்டும் சிறு மணியின் வகையைத்தான் சொல்லும். வெள்ளையும் பிங்க்கும் அலுமினியம் ஒக்சைட், பிளேட் உருக்குக்குப் பொருத்தமானவை. பச்சை சிலிக்கன் கார்பைட். சூடான இரும்போடு அது ஒத்துப்போகாது, சீக்கிரம் மழுங்கிச் சுடத் தொடங்கும். கார்பைட் பல் வைத்த பிளேட்டுக்கு வைரக் கல் சரி. அதையே சாதாரண உருக்குப் பல்லில் வைத்தால் வைரத்தின் கார்பன் சூட்டில் இரும்புக்குள் கரைந்து கல்தான் வீணாகும்.

பார்க்க வேண்டியது கல்லில் ஒட்டிய காகிதத்திலுள்ள குறியீட்டை. உதாரணமாக டபிள்யூ.ஏ. 60 எல் 6 வி. முதலில் மணியின் வகை, அடுத்து மணியின் பருமன்; எண் கூடக் கூட மணி நுண்மையாகும். 6 என்பது மணிகள் எவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன என்பது. பேண்ட் சோவுக்கு 60 முதல் 80 வரை போதும். பளபளப்பாக வர வேண்டும் என்று 120 வாங்கினால் மணிகளுக்கிடையே இடம் போதாமல் உருக்குத் தூள் அடைத்துச் சுடும். கடைசியிலுள்ள வி என்பது மணிகளை ஒட்டிப் பிடிக்கும் பிணைப்பு சூளையில் சுட்டது என்பதற்கு.

நடுவில் நிற்கும் அந்த எல் என்ற எழுத்தைத்தான் யாரும் கேட்பதில்லை, எல்லாம் அதில்தான் இருக்கிறது. பிணைப்பு மணியை எவ்வளவு இறுக்கமாகப் பிடித்திருக்கிறது என்பதை அது காட்டுகிறது. ஏ பக்கம் மென்மை, இசட் பக்கம் கடினம். மென்மையான கல்லில் மழுங்கிய மணி தானே உதிர்ந்து, கூரான புதிய மணி வெளிவரும். கடினமான கல் மழுங்கிய மணியை விடாமல் பிடித்துக்கொள்ளும். அப்போது கல் வெட்டாது, தேய்க்கும். தேய்த்தால் சூடு. அதனால் கடினமான உருக்குக்கு மென்மையான கல், மென்மையான உருக்குக்குக் கடினமான கல். "நீண்ட நாள் உழைக்கும்" என்று கடையில் எடுத்துத் தருவது பெரும்பாலும் கடினமான கல். கல் உழைக்கும், பிளேட் சாகும்.

பிளேட்டுக்கு கே முதல் என் வரைக்குள் ஒன்றுதான் பொருந்தும். எல் அல்லது எம்மில் தொடங்குங்கள். கல்லின் விளிம்பு கண்ணாடிபோல் மினுங்கி, சத்தம் கீச்சென்று ஏறினால் கல்லின் மேற்பரப்பைச் செதுக்கும் கருவியான டிரெஸ்ஸரால் விளிம்பைத் திறந்துவிடுங்கள். பிளேட் ஒரு சுற்று முடிவதற்குள் மறுபடி மினுங்கினால் அடுத்த தடவை ஓர் எழுத்து மென்மையாக வாங்க வேண்டும். மாறாக, ஒரு சுற்றுக்குள்ளேயே விளிம்பின் வடிவம் கரைந்து குழி பல்லுக்குப் பல் மாறினால் ஓர் எழுத்துக் கடினமாக.

வேகமும் இதில் சேர்ந்தது. ஒரே கல் மெதுவாகச் சுற்றினால் மென்மையாகவும் வேகமாகச் சுற்றினால் கடினமாகவும் நடந்துகொள்ளும். 200 மில்லிமீற்றர் கல் 2,850 சுற்றில் விளிம்பில் நொடிக்கு சுமார் 30 மீற்றர் ஓடும். அதே கல் தேய்ந்து 150க்கு வந்தால் 22 மீற்றர்தான். தேய்ந்த கல் சீக்கிரம் உதிர்வது அதனால்தான், கல்லின் குறையல்ல. ஜப்பானிலிருந்து வரும் பழைய தீட்டு இயந்திரங்களில் 60 ஹேர்ட்ஸுக்கான மோட்டார் இருக்கலாம், அந்நாட்டின் மேற்குப் பகுதியில் அந்த மின்சாரம்தான். நம் 50 ஹேர்ட்ஸில் அது ஆறில் ஒரு பங்கு மெதுவாகச் சுற்றும். அங்கே பொருந்திய எழுத்து இங்கே பொருந்தும் என்று எண்ண வேண்டாம்.

கல்லின் தடிப்பு, பற்களின் இடைவெளியில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று. 22 மில்லிமீற்றர் இடைவெளிக்கு 6 முதல் 8 மில்லிமீற்றர். விளிம்பை வட்டமாகச் செதுக்கி வையுங்கள். சதுர மூலையோடு ஓடினால் குழியின் அடியிலும் மூலை விழும், வெடிப்புக்கு அது திறந்துவைத்த வாசல். ஓட்டத்துக்கு 0.05 முதல் 0.1 மில்லிமீற்றருக்குமேல் எடுக்காமல் மூன்று நான்கு ஓட்டம் விடுங்கள். தேக்கில் சிலிக்கா இருப்பதால் பல் சீக்கிரம் மழுங்கும். நன்றாக மழுங்கிய பிளேட்டை ஒரே ஓட்டத்தில் முடிக்கப் பார்ப்பதால் எரிவதும் அதிகம்.

சி.பி.என். (கியூபிக் போரான் நைட்ரைட் என்ற மிகக் கடினமான மணி) சக்கரம் பற்றியும் கேட்கிறார்கள். பல்லின் முழு உருவமும் அதன் விளிம்பில் அமைந்திருப்பதால் நன்றாகத்தான் தீட்டும், ஆனால் எண்ணெய் ஓடவேண்டும், ஓர் உருவப் பல்லுக்கு மட்டுமே பொருந்தும். ஒரே வகைப் பிளேட் ஓட்டும் மரக்காலைக்கு வாங்கலாம். பலரின் பிளேட்டையும் கூலிக்குத் தீட்டுகிறவருக்குச் சாதாரணக் கல்தான் நல்லது.

மாட்டும்போது ஒரு விஷயத்தைக் கட்டாயம் சொல்ல வேண்டும். பழைய ஆங்கிலேய இயந்திரங்கள் சிலவற்றின் தண்டு ஒன்றேகால் அங்குலம், அதாவது 31.75 மில்லிமீற்றர். 32 மில்லிமீற்றர் துளைக் கல் அதில் கால் மில்லிமீற்றர் ஆடும், ஓடும்போது மையம் விலகும். துளை சிறிதென்றால் உளியால் கொத்திப் பெருப்பிக்கிறவர்களும் உண்டு. அந்தக் கல் வெடித்தால் ஆளையே கொல்லும். மாட்டுமுன் விரலில் தொங்கவிட்டு மரப்பிடியால் தட்டுங்கள். மணிபோல் ஒலிக்க வேண்டும், மந்தமாக ஒலித்தால் எறிந்துவிடுங்கள். இருபுறமும் காகித வட்டும் கல்லை இறுக்கிப் பிடிக்கும் சம அளவு உலோக வட்டும் (பிளேஞ்ச்) வைத்து, பக்கவாட்டில் விலகி நின்று ஒரு நிமிடம் சும்மா ஓட்டுங்கள். வேலை முடிந்து கல்லை நனைந்தபடி நிறுத்தி வைத்தால் தண்ணீர் அடிப்பக்கம் இறங்கி, மறுநாள் ஒருபக்கப் பாரத்தோடு சுற்றும்.

பழைய சோனகத் தெரு, ஆமர் வீதி ஹார்ட்வெயார் கடைக்காரர்களிடம் ஒரு கோரிக்கை. கல்லின் காகிதத்தைக் கிழிக்க வேண்டாம், அதன் மேல் விலையை எழுதி எழுத்தை மறைக்கவும் வேண்டாம். பில்லில் "வெள்ளைக் கல் 8 அங்குலம்" என்று எழுதாமல் குறியீட்டையும் உச்ச வேகத்தையும் முழுமையாக எழுதித் தாருங்கள். அந்தப் பில் கையில் இருந்தால்தான், கல் சுடுகிறது என்று திரும்பி வருகிறவர் எல்லுக்குப் பதில் கே தாருங்கள் என்று கேட்க முடியும்.

இப்படிக்கு,
பேண்ட் சோ தீட்டும் தொழிலாளர்கள்,
கிராண்ட்பாஸ், கொழும்பு 14.