ஏழேமுக்கால் என்பது 7.45 இல்லை

அன்பு நண்பனுக்கு,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டேன். உன் முழங்கால் வலி, மகளின் படிப்பு எல்லாவற்றுக்கும் அப்புறம் வருகிறேன். உன்னிடம் வேலை பார்க்கும் பையன் மூன்று மாதமாக ஓவர்டைம் பணம் குறைவாக வருகிறது என்று வந்து நின்றதையும், "பார்க்கலாம், இப்போ வேலையைப் பார்" என்று நீ அனுப்பிவிட்டதையும் கடைசியில் எழுதியிருந்தாயே, அதுதான் மனதை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. 30 வருஷமாக உன்னைத் தெரியும், யார் காசையும் வைத்துக்கொள்கிற ஆள் இல்லை நீ. அதனால்தான் நேராகச் சொல்கிறேன். நாளைக்கே அவனைக் கூப்பிட்டு உட்கார வைத்து, கணக்கை இருவருமாகப் பாருங்கள்.

போன வருஷம் எனக்கு நடந்ததை உனக்கு எழுதவே இல்லை, வெட்கமாக இருந்தது. எங்கள் இடத்தில் மொத்தம் 14 பேர், சம்பளக் கணக்கு முழுக்க என் கையில்தான். ஒரு மாதம் சம்பளம் போட்ட மறுநாள், பேக்கிங்கில் இருக்கும் அக்கா ஒருத்தர் ஒரு சின்ன நோட்டுப் புத்தகத்தோடு வந்தார். தினமும் வந்த நேரம், போன நேரம், சாப்பாட்டு இடைவேளை எல்லாம் பென்சிலில் எழுதியிருந்தது. "தம்பி, எனக்கு மாசம் ஒரு நாள் கூலி குறையுது" என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இத்தனை வருஷம் கணக்கு எழுதுகிறேன், எனக்கே சொல்லித் தருகிறாரா என்று. நல்லவேளை, வாயைத் திறக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு அவரை உட்காரச் சொன்னேன்.

பத்து நிமிஷத்தில் தெரிந்துவிட்டது. அவருடைய வேலை நேரம் தினமும் 7 மணி 45 நிமிடம். வாயால் சொல்லும்போது ஏழேமுக்கால் என்று சரியாகத்தான் சொல்கிறோம், முக்கால் என்றால் 0.75. ஆனால் எக்செல்லில் 7.75-க்குப் பதிலாக நான் அடித்து வைத்திருந்தது 7.45. அதை மணிக்கூலியால் பெருக்கினால் நாளுக்கு 18 நிமிடம் காணாமல் போகும். 26 நாள் வேலை செய்தால் 7 மணி 48 நிமிடம், அக்கா சொன்ன அதே ஒரு நாள் கூலி! ஏழரை மணி நேரம் பார்த்தவர்களுக்கு 7.30 என்று போட்டிருந்தேன், அவர்களுக்கு நாளுக்கு 12 நிமிடம் போயிருக்கிறது. அப்படியே பின்னோக்கிப் போனால் 11 மாதம், ஒன்பது பேர். அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

எனக்கு இன்னும் உறுத்துவது எது தெரியுமா? மற்ற எட்டுப் பேரில் நான்கு பேருக்குப் பணம் குறைவது தெரிந்தே இருந்திருக்கிறது. ஏதோ பிடித்தம் போல என்று நினைத்துக்கொண்டார்களாம், கேட்டால் வேலை போய்விடுமோ என்ற பயம் வேறு. கேட்டு வந்து நிற்பவன் உன்மேல் நம்பிக்கை வைத்துத்தான் வருகிறான். அவனோடு சேர்த்து, வாய் திறக்காமல் இருப்பவர்களின் கணக்கையும் பார், தப்பு பெரும்பாலும் ஒரு வரியோடு நிற்காது.

முதலாளியிடம் சொன்னபோது, "அடுத்த மாசத்திலிருந்து சரி பண்ணிடு, பழசைக் கிளறாதே" என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஏற்கெனவே உழைத்து முடித்த நேரத்துக்கான கூலி அது, நாம் திருப்பித் தரவேண்டிய கடன். கொஞ்சம் வாக்குவாதம் ஆகிவிட்டது, அதை விடு. கடைசியில் பாதியை அந்த வாரமே கொடுத்தோம், மீதியை அடுத்த சம்பளத்தோடு கொடுப்பதாகத் தேதி போட்டு ஒவ்வொருவருக்கும் கையெழுத்திட்ட தாள் கொடுத்தோம். சம்பளச் சீட்டில் 'நிலுவை' என்று தனி வரியாகக் காட்டினேன், எந்தெந்த மாதத்துக்கு எவ்வளவு என்பதோடு. இல்லாவிட்டால் ஏதோ போனஸ் வந்தது என்று நினைத்துவிடுவார்கள். கூலி குறைந்திருந்ததால் ஓய்வூதியத்துக்குப் போகிற பங்கும் குறைந்திருந்தது, அதையும் சேர்த்துக் கட்டவேண்டியிருந்தது. நீயும் அதை மறந்துவிடாதே. அந்த ஒன்பது பேரில் இரண்டு பேர் வேலையை விட்டுப் போயிருந்தார்கள், தேடிப்பிடித்துக் கொடுத்தோம்.

உன் பையன் விஷயத்தில் முதலில் மூன்று இடத்தைப் பார்ப்பேன். போன மாத ஷீட்டை அப்படியே காப்பி செய்து பழைய கூலி விகிதத்தையே விட்டுவிட்டாயா? மாதக் கடைசியில் பார்த்த ஓவர்டைம், கணக்கு முடிக்கிற தேதி தாண்டியதால் எந்த மாதத்திலும் ஏறாமல் போனதா? அப்புறம் எக்செல்லின் ஒரு குணம்: நேரங்களைக் கூட்டும்போது 24 மணியைத் தாண்டினால், சாதாரண நேர வடிவத்தில் மறுபடி பூஜ்யத்திலிருந்து காட்டும். 40 மணி நேரம் 16:00 என்று நிற்கும். அந்தக் கட்டத்தின் வடிவத்தை மாற்றினால்தான் முழுக் கூட்டலும் தெரியும்.

எப்போதாவது அதிகமாகக் கொடுத்துவிட்டாலும் சொல்லாமல் அடுத்த மாதம் பிடிக்காதே. முதலில் ஆளிடம் பேசு, எழுதி வாங்கு, கொஞ்சம் கொஞ்சமாகக் கழி. இதெல்லாம் நாம் புதிதாகக் கண்டுபிடித்த நியாயமும் கிடையாது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1949-இல் கொண்டுவந்த 95-ஆம் உடன்படிக்கை இதைத்தான் பேசுகிறது. சட்டமோ, தொழிற்சங்கத்தோடு போட்ட கூட்டு ஒப்பந்தமோ, நடுவர் தீர்ப்போ அனுமதித்த அளவுக்குத்தான் கூலியில் பிடிக்கலாம், மாறக்கூடிய சம்பளம் என்றால் கொடுக்கும்போதெல்லாம் விவரம் தெரிவிக்கவேண்டும், வேலையை விட்டுப் போனால் பாக்கியைத் தீர்க்கவேண்டும். உன் ஊர்ச் சட்டம் எத்தனை மாதம் வரை பின்னோக்கிக் கேட்கலாம் என்பதையும் விசாரித்துக்கொள். ஆனால் அந்தக் கெடுவைக் காட்டித் தப்பிக்கப் பார்க்காதே.

இப்போது என் ஷீட்டில் மணிக்கு ஒரு கட்டம், நிமிடத்துக்கு ஒரு கட்டம், 60-ஆல் வகுப்பது தானாக நடக்கும். சம்பளத்துக்கு இரண்டு நாள் முன்பு அவரவர் நேரத்தை அவரவரே பார்த்துக் கையெழுத்துப் போடுகிறார்கள். அக்கா மட்டும் இன்னும் அந்த நோட்டில் எழுதுகிறார், நானே கேட்டு வாங்கி என் கணக்கோடு ஒத்துப் பார்க்கிறேன்.

பெயர்களை எடுத்துவிட்டு அந்த மூன்று மாத ஷீட்டை எனக்கு அனுப்பு, ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து வரி வரியாகப் பார்த்துச் சொல்கிறேன். அந்தப் பையனிடம் பேசிவிட்டு அன்றைக்கே எழுது. முழங்காலைப் பற்றி அடுத்த கடிதத்தில்.

உன் பழைய நண்பன்