ஜெராக்ஸ் கடை அண்ணனுக்கும் அவர் அம்மாவுக்கும்

பணம் வந்துவிட்டது. நேற்று மாலை பாஸ்புக்கைப் பதிந்து பார்த்தேன். கொறங்காட்டை, அதாவது முள்வேலி அடைத்த மேய்ச்சல் நிலத்தை, காக்கும் வேலைக்காக எங்கள் தொண்டு அமைப்பு ஒரு நிறுவனத்திடம் கேட்டிருந்த நிதியின் முதல் தவணை ஏறியிருந்தது. கை நடுக்கம் நிற்பதற்குள் இதை எழுதிவிட வேண்டும்.

நடந்ததை மறுபடி சொல்லப்போவதில்லை. உங்களுக்கெல்லாம் தெரியும். பணமில்லாமல் தை மாதத்தோடு பள்ளி வகுப்புகளை நிறுத்தியபோது பிள்ளைகள் கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அது போதும்.

தொண்டு அமைப்புகளுக்கான வரிவிலக்குச் சான்றுகளான 12ஏ, 80ஜி இரண்டையும் புதுப்பித்துத் தந்த ஆடிட்டர் அலுவலகம், நிறுவனங்களின் சமூகப் பணி நிதியைப் பெறப் பதிவு செய்யும் சிஎஸ்ஆர்-1 படிவத்தை மூன்று முறை திருத்திக் கொடுத்த தம்பி, கடிதம் எழுதித் தந்த தலைமையாசிரியர்கள், மூன்று மாதம் சம்பளம் கேட்காத வேன் ஓட்டுநர், சொந்தக் காட்டைத் திறந்துவிட்ட விவசாயிகள் எல்லோருக்கும் ஒரே கும்பிடு. கோபித்துக்கொள்ள மாட்டீர்கள் என்று தெரியும்.

ஆனால் இந்த மடல் காங்கேயத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் அண்ணனுக்கு.

விண்ணப்பம் அனுப்பக் கடைசி நாளுக்கு முந்தின மாலை. தாளை அடுக்கிக்கொண்டிருந்தவர் நடுவில் நின்றுவிட்டார். இயந்திரத்தில் தாள் சிக்கிவிட்டது என்று நினைத்தேன். படித்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க அம்மணி, கொறங்காட்டைக் காப்பதற்குத்தானே பணம் கேட்கிறீர்கள்? இருபது பக்கம் பார்த்துவிட்டேன், கொழுக்கட்டைப்புல் எங்குமே இல்லையே?"

சுருக்கென்றது. 'பங்கேற்பு அணுகுமுறை' இருந்தது, 'நிலைத்த வாழ்வாதாரம்' நான்கு இடத்தில் இருந்தது. முள்ளுக்கிளுவை வேலி இல்லை, வெள்வேல மரம் இல்லை. அந்த வேலிக்குள் மேயும் காங்கேயம் மாட்டுக்கு ஒரே ஒரு வரி. முன்பு திரும்பி வந்த இரண்டு விண்ணப்பங்களையும் இதே மொழியில்தான் எழுதியிருந்தேன்.

'அடிப்படைத் தரவு' என்ற பக்கம் காலியாக இருப்பதையும் அவர்தான் கண்டார். அது என்ன என்று கேட்டார். நாங்கள் வருவதற்கு முன் அங்கே எவ்வளவு மழை பெய்தது, எந்தக் காட்டில் எப்போது மாடு விட்டார்கள் என்பதற்கு எழுத்தில் ஏதாவது வேண்டும் என்றேன். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனார்.

முக்கால் மணி நேரம் கழித்து ஒரு மஞ்சப்பையோடு வந்தார். உள்ளே மாதக் காலண்டர்கள், வருடத்துக்கு ஒன்றாக 11. நகைக்கடையும் உரக்கடையும் இலவசமாகத் தருபவை. ஒவ்வொரு கட்டத்திலும் பென்சிலில் அவருடைய அம்மாவின் எழுத்து: 'ஓர் உழவு மழை'. 'மேக்காடு திறந்தது'. 'வெள்வேலங்காய் உதிர ஆரம்பம்'. 'கிடாரி சினை'. ஏர் பூட்டுகிற அளவுக்கு மண் நனைந்தால் அது ஓர் உழவு மழை. மழைமானி இல்லாத வீட்டில் 11 வருட மழை இருந்தது.

132 தாள்களையும் இரவு பதினொரு மணி வரை நகலெடுத்தார். காசு வாங்கவில்லை. நான் டீ டம்ளரை ஒரு காலண்டர்மேல் வைத்தபோது மட்டும் கோபப்பட்டார். அன்றிரவு விடிய விடிய உட்கார்ந்து விண்ணப்பத்தைப் புதிதாக எழுதினேன்.

குறிப்பிட்ட அளவுக்கு மேல் வளர்ந்த நிறுவனங்கள் கடைசி மூன்றாண்டு சராசரி லாபத்தில் குறைந்தது 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது 2013 கம்பெனிச் சட்டம். சுற்றுச்சூழலும் அந்தப் பட்டியலில் உண்டு. எங்களைப் போன்றவர்கள் அதைப் பெற, சான்றுகளோடு இதே வேலையில் மூன்றாண்டு அனுபவமும் காட்ட வேண்டும். இதெல்லாம் எங்களிடம் முன்பே இருந்தது. அந்த நிறுவனத்திலிருந்து நேரில் பார்க்க வந்த அதிகாரி மட்டும் எங்கள் சான்றுகளைப் புரட்டிவிட்டுக் காலண்டர்களைக் கேட்டார். ஒரு மணி நேரம் வைத்துப் பார்த்தார்.

இனி எந்த விண்ணப்பமானாலும், அனுப்புவதற்கு முன் அந்த அம்மாவின் திண்ணையில் உட்கார்ந்து வாசித்துக் காட்டுவதாக இருக்கிறேன். புரியாத சொல் வந்தால் அடித்துவிடுவேன். ஆங்கிலத்தில் எழுத வேண்டியதை முதலில் தமிழில் எழுதிப் பார்ப்பதில் எனக்கே பாதி வேலை குறையும் போலிருக்கிறது.

வகுப்புகள் அடுத்த மாதம் தொடங்குகின்றன. ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு காலண்டர், ஒரு பென்சில், ஒரு மழைமானி. பிள்ளைகள் மழையை மில்லிமீட்டரிலும் உழவிலும் எழுதுவார்கள். முதல் வகுப்பை அம்மாவே எடுக்கிறார். "எனக்கு என்ன சாமி தெரியும்" என்று இரண்டு நாள் மறுத்தார்.

காலண்டர்களைத் திருப்பிக் கொடுத்தபோது எண்ணித்தான் வாங்கினார். ஒன்று குறைந்தது. என் மேசையில்தான் இருக்கிறது அம்மா, நாளைக் காலை கொண்டுவருகிறேன்.