தராசு மட்டும் போதாது, உயரத்தையும் அளந்து சொல்லுங்கள்

மதிப்புக்குரிய தமிழ்நாடு சமூக நலத் துறை அமைச்சர் அவர்களுக்கும், ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

செப்டம்பர் வந்தால் ஊட்டச்சத்து மாதம். கோலம், பேரணி, சிறுதானியக் கண்காட்சி எல்லாம் நடக்கும். சில ஊர்களில் கொழுகொழு குழந்தைக்குப் பரிசும் உண்டு. அந்தப் பரிசுதான் இந்த மடலை எழுத வைத்தது. கன்னம் உப்பியிருந்தால் பிள்ளை நன்றாக இருக்கிறது என்று பாட்டிமார் சொல்லலாம். அரசு மேடை சொல்லலாமா?

ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு உங்கள் மேசையில் இருப்பதுதான். தமிழ்நாட்டில் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 25 சதவீதம் பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். 15 முதல் 49 வயதுப் பெண்களில் 40.4 சதவீதம் பேருக்கு அதிக எடை அல்லது உடல் பருமன். முந்தைய ஆய்வில் இது 30.9. அந்த வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பருத்த தாயும் உயரம் குன்றிய பிள்ளையும் ஒரே அடுப்பில் சமைத்ததைத்தான் சாப்பிடுகிறார்கள். சில பிள்ளைகளுக்கு இந்த இரண்டு குறையும் ஒரே உடம்பில் இருக்கும். தராசை மட்டும் நம்பினால் அது கண்ணில் படாது.

2 வயது முடிந்த ஓர் ஆண் குழந்தையை எடுத்துக்கொள்வோம். எடை 13 கிலோ, நிற்க வைத்து அளந்த உயரம் 80 செ.மீ. உலக சுகாதார நிறுவன அட்டவணையில் அந்த வயதுக்கு நடு எடை (பாதிப் பிள்ளைகள் இதற்கு மேல், பாதிப் பிள்ளைகள் இதற்குக் கீழ்) 12.2 கிலோ. ஆகவே வயதுக்கு எடை பார்க்கும் வரைபடத்தில் புள்ளி பச்சையில், அதாவது 'இயல்பு' என்ற கட்டத்தில் விழும். "பையன் நல்லா இருக்கான்மா" என்று அங்கன்வாடியில் தாயை அனுப்பிவிடுவார்கள். ஆனால் அந்த வயதுக்கு நடு உயரம் 87 செ.மீ.; 81-க்குக் கீழே போனாலே வளர்ச்சி குன்றியதாகக் கணக்கு. 80 செ.மீ. உயரத்துக்கு நடு எடை 10.6 கிலோ, 12.6-ஐத் தாண்டினால் அதிக எடை. உயரமும் குறைவு, எடையும் அதிகம், அட்டையில் பச்சை! உயரத்தைச் சரிக்கட்ட நல்ல காலம் முதல் இரண்டு வயதுக்குள்தான். அது பச்சைக் கட்டத்திலேயே கழிந்துபோகிறது.

உயரம் பார்க்க அளவுகோல் வந்துவிட்டது, அளவைப் பதியச் செயலியும் வந்துவிட்டது என்பீர்கள். உண்மைதான். ஆனால் 2 வயதுக்குட்பட்ட குழந்தையைப் படுக்க வைத்து அளக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் தலையைப் பலகையோடு ஒட்டிப் பிடிக்க வேண்டும். இன்னொருவர் முழங்காலை மெல்ல அழுத்திப் பாதப் பலகையை நகர்த்த வேண்டும். உதவியாளர் பணியிடம் காலியாக உள்ள மையத்தில் அந்த இரண்டாவது ஆள் யார்? கால் மடங்கினால் உயரம் குறையும், உச்சிக் குடுமியை அவிழ்க்காவிட்டால் கூடும். படுக்க வைக்க வேண்டிய பிள்ளையை நிற்க வைத்து அளந்தால் 0.7 செ.மீ.யைக் கூட்டிக்கொள்ள வேண்டும். மறந்தால் எல்லைக்கோட்டுக்குச் சற்று மேலே உள்ள பிள்ளையும் குன்றியதாகப் பதிவாகலாம். தராசை மண் தரையில் வைப்பதும், கொலுசைக் கழற்றாமல் நிறுத்துவதும் தனிக்கதை.

இனி உணவு. 30 கிராம் பிஸ்கட்டில் ஏறக்குறைய 135 கலோரி, புரதம் 2 கிராம். ஒரு முட்டையில் 75 கலோரிதான், புரதமோ 6 கிராம். தாய்ப்பாலும் குடிக்கும் ஒரு வயதுப் பிள்ளைக்கு மற்ற உணவிலிருந்து நாளுக்குத் தேவை சுமார் 550 கலோரி. அதில் கால் பங்கை ஒரு சின்னப் பாக்கெட் எடுத்துக்கொண்டால் முட்டைக்கும் பருப்புக்கும் வயிற்றில் இடம் ஏது? ரேஷனில் அரிசி இலவசம், பாமாயில் லிட்டர் 25 ரூபாய், அதோடு சர்க்கரை. துவரம்பருப்பு 30 ரூபாய்க்கு, அதுவும் அட்டைக்கு ஒரே கிலோ. வயிற்றை நிரப்பும் வேலையில் நம்மை அடிக்க ஆளில்லை. மாவுச்சத்தையும் எண்ணெயையும் இத்தனை மலிவாகக் கொடுத்துவிட்டு, இடுப்பு ஏன் பெருக்கிறது என்று கருத்தரங்கு நடத்தவும் நமக்குத் தெரியும்.

ரேஷன் கடைப் பக்கம் போய்விட்டோம், பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்க வந்தது சிறியது. எடை பார்க்கும் நாளில் உயரத்தையும் அளந்து, அந்த உயரத்துக்கு எடை சரியா என்று தாயிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். அளவு செயலிக்குள் போனால் போதாது, அவர் காதுக்கும் போக வேண்டும். அன்றைக்கே தாயின் எடையையும் பாருங்கள். பிள்ளை உயரம் குன்றி எடை கூடியிருந்தால், "சாப்பாட்டைக் குறை" என்று மட்டும் சொல்லிவிட வேண்டாம். குன்றிய உயரம் இன்னும் பின்தங்கும். பிஸ்கட்டையும் சர்க்கரையையும் நிறுத்தி, அந்த இடத்தில் முட்டை, பருப்பு, வேர்க்கடலைப் பொடி, கீரை வைக்கச் சொல்லுங்கள். சத்துமாவையும் கரைத்துக் குடிக்க வைக்காமல், கரண்டியிலிருந்து ஒழுகாத பதத்தில் கிண்டி ஊட்டச் சொல்லுங்கள்.

54,000-க்கும் மேற்பட்ட அங்கன்வாடிகள் உள்ள மாநிலம் இது. 2022-இல், பிள்ளைகளின் ஊட்டச்சத்துக் குறையைப் போக்க வந்த 'ஊட்டச்சத்தை உறுதி செய்' திட்டத்துக்காக இதே பணியாளர்கள்தாம் பிள்ளைகளை அளந்தார்கள். புதுத் திட்டம், புதுப் பெயர் எதுவும் வேண்டாம். காலியிடங்களை நிரப்புங்கள், அளவெடுக்கும் பயிற்சியைக் கையில் பிள்ளையோடு நடத்துங்கள், உயரத்தையும் அளந்து சொல்லுங்கள்.

அடுத்த செப்டம்பரிலும் பரிசு கொடுக்கத்தான் வேண்டுமென்றால், அழும் பிள்ளையைச் சமாதானப்படுத்தி, காலை நீட்டி, சரியாக அளந்த பணியாளருக்கும் உதவியாளருக்கும் தாருங்கள்.

இப்படிக்கு,
குழந்தை ஊட்டச்சத்துப் பணியில் இருப்போர்