பியர்ஃபோன் கோட்டையைப் பார்த்தபின் நண்பனுக்கு

அன்புள்ள முருகேசன்,

நலம், உன் நலமும் இல்லத்தார் நலமும் அறிய ஆவல். மகள் வீட்டுக்கு வந்து இருபது நாளாகிறது. பழைய கட்டடத்தைப் புதுப்பித்துவிட்டால் அது பழைய கட்டடமாகவே இருக்குமா என்று சென்ற கடிதத்தில் கேட்டிருந்தாய். பாரிசுக்கு வடக்கே, கொம்பியேஞ் காட்டின் விளிம்பில் உள்ள பியர்ஃபோன் என்னும் சிற்றூரில் நேற்று அந்தக் கேள்வியோடுதான் நடந்துகொண்டிருந்தேன்.

மன்னர் ஆறாம் சார்லசின் தம்பியான ஓர்லெயான் கோமகன் லூயி, 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கே எட்டுக் கோபுரங்களோடு கோட்டை எழுப்பத் தொடங்கினார். 1407இல் அவர் பாரிசில் கொலையுண்டார். 1617இல் பதின்மூன்றாம் லூயியின் படை கோட்டையைப் பிடித்தது. பின்னர் கூரைகளை அழித்துக் கோபுரங்களையும் பிளந்துவிட்டார்கள். இரண்டு நூற்றாண்டுகள் இடிபாடாகக் கிடந்ததை முதலாம் நெப்போலியன் மூவாயிரம் பிராங்குக்கும் குறைவான விலைக்கு வாங்கினார் என்றால், அதன் நிலை உனக்குப் புரியும்.

பேரரசர் மூன்றாம் நெப்போலியன் 1857இல் இதைப் புதுப்பிக்கும் பொறுப்பைக் கட்டடக் கலைஞர் வியோலே-லெ-துய்க்கிடம் ஒப்படைத்தார். எஞ்சிய பகுதியை மட்டும் செப்பனிடுவதுதான் முதலில் நோக்கம். பிறகு அது பேரரசரின் மாளிகையாகவே வளர்ந்தது. ஒரு கட்டடத்தைப் புதுப்பிப்பது என்பது, அது எக்காலத்திலும் இருந்திராத ஒரு முழுமை நிலைக்குக்கூட அதைக் கொண்டுவருவதாகும் என்று அவர் வெளிப்படையாகவே எழுதியவர். அந்தக் கொள்கையை இங்கே கல்லில் காணலாம். வீராங்கனைகள் கூடம் எனப்படும் ஐம்பது மீட்டருக்கும் நீளமான மண்டபத்தின் கணப்புக்கு மேலே ஒன்பது பெண் சிலைகள் நிற்கின்றன. நடுவில் நிற்கும் பழங்கால அசீரிய அரசி செமிராமிசுக்குப் பேரரசி யூஜெனியின் முகம். தேவாலய வாசலில் உள்ள புனித யாக்கோபின் முகமோ வியோலே-லெ-துய்க்கினுடையது!

ஆயினும் இதைப் பொய்க் கட்டடம் என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை. முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்த்தேன். கூரைச் சாளரங்களின் ஓரங்களில் கல்லால் செதுக்கிய பூனைகள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக அமர்ந்திருக்கின்றன. ஒன்றின் முதுகு வளைவில் மழைநீர் பட்டுக் கறுத்திருந்தது. யாரும் கவனிக்க மாட்டார்கள் என்று தெரிந்தும் இவ்வளவு பரிவோடு செதுக்கிய கைகள் 19ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. ஆகவே, இதை இடைக்காலக் கோட்டையாக அல்லாமல், இடைக்காலத்தின் மீது காதல்கொண்ட 19ஆம் நூற்றாண்டின் கட்டடமாகப் பார்ப்பதே முறை என்று எனக்குத் தோன்றுகிறது. வழிகாட்டிப் பலகைகள் இதை இன்னும் அழுத்திச் சொல்லியிருக்கலாம்.

1870இல் பேரரசு வீழ்ந்தது. வியோலே-லெ-துய்க் 1879இல் மறைந்தார். மருமகன் ஊராடு பணியைத் தொடர்ந்தார். ஆனாலும் பணம் இல்லாமையால் உள் அலங்காரங்கள் முற்றுப்பெறவே இல்லை. வண்ணம் தீட்டிய அறையைக் கடந்து வெறுங்கல் சுவருள்ள அறைக்குள் நுழையும்போது, வேலை நின்றுபோன அந்த நாளே கண்முன் வருகிறது.

பூனைகளின் படம் இரண்டை இத்துடன் வைத்திருக்கிறேன். உன் முழங்கால் வலிக்கு மருத்துவர் என்ன சொன்னார் என்று மறவாமல் எழுது.

என்றும் அன்புடன்,
சிவராமன்