மூத்தோர் மருத்துவப் பயண உதவி: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

சங்கத் தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் தண்டையார்பேட்டைப் பகுதி உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். தெருவிளக்கு, குடிநீர், கழிவுநீர் பற்றிய மனுக்களின் நிலையை மாதக் கூட்டங்களில் அவ்வப்போது தெரிவித்துவிட்டதாலும், வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிக்க இருப்பதாலும், நம் மூத்தோரை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று வரும் பணியைப் பற்றி மட்டும் இங்கே விரிவாகச் சொல்கிறேன்.

தொடக்கத்தில், வண்டிக்கு ஏற்பாடு செய்துவிட்டால் வேலை முடிந்தது என்றே எண்ணியிருந்தோம். நம் உறுப்பினர்களான ஆட்டோ ஓட்டுநர்கள் இருவர், காத்திருப்புக்குத் தனியே பணம் கேட்காமல் வருவதாக ஒப்புக்கொண்டதும் அந்த நம்பிக்கை உறுதிப்பட்டது. ஆனால் பெரியவர்கள் இன்றும் 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி' என்றே சொல்லும் ஸ்டான்லிக்குப் போய்ச் சேரச் சிறிது நேரமே ஆகிறது, ஓ.பி. சீட்டு வாங்கி, மருத்துவரைப் பார்த்து, எக்ஸ்ரே எடுத்து, மருந்துக்கு வரிசையில் நின்று வெளியே வருவதற்குள் அரை நாள் கழிந்துவிடுகிறது. சர்க்கரை நோயாளி வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்து, சாப்பிட்டு, இரண்டு மணி நேரம் கழித்து மறுபடியும் கொடுக்க வேண்டும். எழும்பூர் கண் மருத்துவமனையில் கண்பாவையை விரிக்கும் சொட்டு மருந்து விட்டால், சில மணி நேரத்துக்கு எழுத்தும் படியும் தெளிவாகத் தெரியாது. வெயிலில் கண் கூசும். டயாலிசிஸ் முடிந்து எழுந்திருப்பவருக்கு ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். இப்படிப்பட்டவர்களை வாசலில் இறக்கிவிட்டுத் திரும்புவது பாதி உதவிகூட ஆகாது.

இதை நாங்கள் ஒரு தவறு செய்த பிறகே உணர்ந்தோம். அதை மறைக்காமல் பதிவு செய்வது என் கடமை. கோடையில் பெரியவர் ஒருவரை அழைத்துச் சென்ற ஓட்டுநர் மருத்துவமனையின் ஒரு வாசலில் காத்திருக்க, அவரோ சிகிச்சை முடிந்து வேறொரு வாசல் வழியாக வெளியே வந்துவிட்டார். கைப்பேசியில் சார்ஜ் இல்லை. செய்தி கேட்டு நான் போய்த் தேடியபோது, இளநீர் வண்டியின் நிழலில் மருந்துப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "யாராவது வருவீங்கன்னு தெரியும்பா, அதான் எங்கயும் போவல" என்றார். அவர் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. துணைக்கு ஆள் இல்லாமல் அவரை அனுப்பியது செயலாளராகிய என் பிழை. அன்று முதல் துணையாள் இல்லாமல் எந்தப் பயணமும் இல்லை என்று செயற்குழு முடிவெடுத்தது. ஒவ்வொருவருக்கும் ஒரு மஞ்சள் பை கொடுத்திருக்கிறோம். பழைய சீட்டுகள், சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியல், ஓட்டுநர், துணையாள் இருவரின் எண்கள், ஏற வேண்டிய வாசல் ஆகியவை பெரிய எழுத்தில் அதற்குள் இருக்கும்.

வீட்டிலிருந்து தெருவுக்கு வருவதும் ஒரு பயணமே. நம் பகுதியின் பழைய வீடுகளில் மாடிப்படி குறுகலாகவும் செங்குத்தாகவும் இருக்கிறது. பல சந்துகளுக்குள் ஆட்டோ நுழைவதில்லை. மாடியில் குடியிருக்கும் ஆயா ஒருவரைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, முன்னும் பின்னுமாக இருவர் பிடித்து, படிக்குப் படி நின்று இறக்குகிறோம். முழங்கால் வலியால் ஆட்டோவில் காலைத் தூக்கி வைக்க முடியாதவர்களுக்காக, நம் தெருத் தச்சர் கூலி வாங்காமல் அடித்துத் தந்த பலகைப் படி இரண்டு வண்டிகளிலும் இருக்கிறது. இந்த ஆண்டு நாம் செய்தவற்றுள் அதிகம் பயன்பட்டது அந்தப் பலகைதான் என்பது என் கருத்து.

ஓரளவு நடக்கக்கூடியவர்கள் சென்ட்ரல் எதிரிலுள்ள ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனைக்குச் செல்ல மெட்ரோ நல்ல வழியாக இருக்கிறது. 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை பாதை நீட்டிக்கப்பட்ட பிறகு, தண்டையார்பேட்டையில் லிஃப்டில் இறங்கி ஏறினால், வண்டி மாறாமல் சென்ட்ரலில், மருத்துவமனைக்கு எதிரிலேயே இறங்கலாம். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட், துறைமுகத்துக்குச் செல்லும் கன்டெய்னர் லாரிகள் ஆகியவற்றின் தொல்லை இதில் இல்லை. மாநகரப் பேருந்தில் 60 வயது கடந்தோருக்கு மாதம் 10 இலவசப் பயணங்களுக்கு டோக்கன் உண்டு. வாங்காதிருந்தவர்களுக்கு வாங்கித் தந்தோம்.

டயாலிசிஸுக்கு மழை விடுமுறை கிடையாது. ஒரு முறை தவறினாலும் உடலில் நீர் சேர்ந்து மூச்சுத் திணறத் தொடங்கிவிடலாம். ஃபெஞ்சல் புயல் மழை கொட்டிய 2024 நவம்பர் 30, சனிக்கிழமையன்று, விடிவதற்கு முன்பே புறப்பட்டு ஒருவரைக் கொண்டுசேர்த்த ஓட்டுநருக்கும், நனைந்த உடையுடன் அங்கேயே காத்திருந்து அவரைத் திரும்ப அழைத்துவந்த இளைஞருக்கும் சங்கம் நன்றிக்கடன் பட்டிருக்கிறது.

சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைக்காக மட்டும் அலைந்தவர்களை, வீட்டுக்கே மருந்து கொண்டுவரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பதிவு செய்ய உதவினோம். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், திடீரென ஒரு பக்கக் கை கால் செயலிழத்தல் போன்றவற்றுக்கு எங்களை அழைத்து நேரம் போக்காமல் உடனே 108-ஐ அழைக்க வேண்டும் என்பதை வீடுவீடாகச் சொல்லிவருகிறோம். அரசு மருத்துவமனைகளில் மூத்தோருக்குத் தனி வரிசை வேண்டும் என்று 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் கூறுகிறது. கேட்காவிட்டால் கிடைக்காத இடங்களும் இருப்பதால், துணையாட்கள் அதைப் பணிவாக, ஆனால் தயங்காமல் கேட்க வேண்டும்.

சிரமம் தரக்கூடாது என்று பரிசோதனைத் தேதியை மறைப்பவர்களே எனக்குப் பெரிய கவலை. "மாத்திரை இன்னும் ரெண்டு நாளு வரும், உனக்கு எதுக்குப்பா செரமம்" என்று கதவருகே நின்று சொல்வார்கள். சீட்டை வாங்கிப் பார்த்தால் தேதி போன வாரமே கடந்திருக்கும். ஆகவே சீட்டில் உள்ள அடுத்த தேதியை, வீடு திரும்பும் முன் துணையாளே சங்க நோட்டில் எழுதிவிடும் வழக்கத்தைக் கொண்டுவந்திருக்கிறோம்.

பொதுக்குழுவிடம் இரண்டு வேண்டுகோள்கள். ஈ.சி.ஜி. எடுக்கும்போதும் கழிப்பறைக்குச் செல்லும்போதும் மூதாட்டிகளுக்குப் பெண் துணை அவசியம். வார நாள்களில் காலை ஆறு முதல் பகல் ஒரு மணி வரை வரக்கூடிய பெண் உறுப்பினர்கள் கூட்டம் முடிந்ததும் பெயர் கொடுக்க வேண்டும். ஆட்டோவுக்குள் அடங்கும் மடக்கு சக்கர நாற்காலி ஒன்று வாங்கப் பொருளாளருக்கு அனுமதி அளிக்க வேண்டும். இவற்றுடன் இவ்வறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்