ஆண்டறிக்கை 2024–25: ஒதியமரமும் நிலாப்பூச்சியும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, சங்க உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு பத்து மாதங்களில் கூட்டம் நடந்தது. ஐப்பசி, கார்த்திகையில் மழை விடாததால் கூட முடியவில்லை. பறவைக் கணக்கெடுப்பும் பள்ளிக்கூட நிகழ்ச்சிகளும் வழக்கம்போல் நடந்தன. விவரம் பதிவேட்டில் இருக்கிறது. நான் விரிவாகச் சொல்ல வேண்டியது நிலா அந்துப்பூச்சியைப் பற்றி.

உலகெங்கும் ஜூலை கடைசி வாரத்தில் அந்துப்பூச்சி வாரம் கொண்டாடுகிறார்கள். 2012-ல் தொடங்கிய வழக்கம் அது. நாமும் சிறுமலை அடிவாரத்தில் நம் உறுப்பினர் ஒருவரின் தோட்டத்தில் வெள்ளை வேட்டியைக் கட்டி, விளக்கு வைத்து, மூன்று இரவு விழித்திருந்தோம். முதல் இரவு ஒரு தவறு செய்துவிட்டோம். விளக்கை அணைக்காமல் தூங்கப் போய்விட்டோம். விடியற்காலையில் கரிச்சான்கள் வந்து வேட்டியில் உட்கார்ந்திருந்த பூச்சிகளைக் கொத்தித் தின்றன. கீழே இறக்கைகள் மட்டும் கிடந்தன. மறுநாளிலிருந்து இரண்டு மணிக்கே விளக்கை அணைத்து, வேட்டியை உதறி, பூச்சிகளைப் புதருக்குள் விட்டோம். இனி இதுவே நம் விதி.

மூன்றாம் இரவு வந்தது நிலாப்பூச்சி. உள்ளங்கையை மறைக்கும் அளவு, இளம்பச்சை நிறம், ஒவ்வொரு இறக்கையிலும் ஒரு கண் புள்ளி, பின்னிறக்கையில் ரிப்பன் போல நீண்டு முறுக்கிய வால். 1807-ல் ஹூப்னர் என்பவர் கிரேக்கர்களின் நிலாத் தெய்வமான செலினியின் பெயரை இதற்கு வைத்தார். டசர் பட்டு தரும் பூச்சியும் இதே குடும்பம்தான்.

வந்தது பெண். வயிறு பருத்திருந்தது. ஒரு காகிதப் பையில் வைத்ததும் பை முழுக்க முட்டையிட்டது. அதில் முப்பதை மட்டும் வைத்துக்கொண்டு, மீதியை முட்டையிருந்த காகிதத்தோடு தோட்டத்து ஒதியமரக் கிளைகளில் கட்டினோம். நம் சங்கத்தின் ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்திதான் வளர்த்தாள். பன்னிரண்டாம் நாள் குஞ்சுகள் வெளிவந்தன. சிவப்பு உடம்பு, நடுவில் கறுப்புப் பட்டை, எறும்பு என்றே நினைக்கத் தோன்றும். தோலுரிக்க உரிக்க நிறம் மாறி, கடைசியில் தடித்த பச்சைப் புழுவாகி, முதுகில் மஞ்சள் குமிழ்களும் முள்மயிரும் வந்துவிட்டன. இரவில் பெட்டிக்குப் பக்கத்தில் காதை வைத்தால் இலை கடிபடும் சத்தம் கேட்கிறது என்றாள். நானும் போய்க் கேட்டேன், உண்மை.

வளர்ந்து இறக்கை முளைத்த பூச்சிக்கு வேலை செய்யும் வாய் கிடையாது. புழுவாக இருக்கும்போது தின்று சேர்த்ததை வைத்துத்தான் ஒரு வாரம், பத்து நாள் வாழ்கிறது. அப்படியென்றால் அந்தப் பூச்சியின் வாழ்க்கை முழுவதும் இலையில் இருக்கிறது. நம் பக்கத்தில் அந்த இலை பெரும்பாலும் ஒதியமர இலை.

இதைத்தான் உறுப்பினர்கள் மனதில் வைக்க வேண்டும். ‘ஒதி பெருத்தால் உத்திரம் ஆகுமா’ என்று சொல்லிச் சொல்லியே அந்த மரத்துக்கு மதிப்பில்லாமல் ஆக்கிவிட்டோம். கிளையை வெட்டி வேலிக்குப் போத்தாக நடுவார்கள், கம்பிவேலி வந்ததும் வெட்டுவார்கள். ஆவணியில் சாலையோர வேலி ஒன்றில் நாம் புழுக்களை எண்ணிவைத்திருந்த இரண்டு ஒதியமரங்களை அடியோடு வெட்டிப் போட்டார்கள். வெட்டிய கிளைகளில் இருந்து பொறுக்கிய பதினொரு புழுக்களை வேறு மரத்துக்கு மாற்றினோம். மற்றவை காய்ந்த இலையோடு போயின.

மாணவி வளர்த்ததில் ஒன்பது கூடு கட்டின. இலைகளை இழுத்துச் சேர்த்து உள்ளே பழுப்புப் பட்டுக்கூடு. கூடு கட்டிய ஐந்தாவது வாரத்தில் ஒருநாள் காலை ஒரு கூட்டின் முனை நனைந்தது. பூச்சியே ஒரு திரவத்தைக் கக்கிக் கூட்டின் பட்டு இழைகளை இளக்குகிறது. முதலில் வெளிவந்தவை முன்கால்கள். அப்புறம் கசங்கிய ஈரத்துணி போல இறக்கைகள். குச்சியில் ஏறித் தொங்கி, உடம்பின் நீரை இறக்கைக்குள் செலுத்திச் செலுத்தி, ஒரு மணி நேரத்துக்குள் விரித்துவிட்டது. வால்தான் கடைசியில் நேராகியது.

அதுவும் பெண். அன்றிரவு கொசுவலைக்குள் வைத்து ஒதியமரத்தில் தொங்கவிட்டோம். வயிற்று நுனியை நீட்டி, ஆண்களை அழைக்கும் வாசனையை விட்டபடி அசையாமல் இருந்தது. நள்ளிரவு தாண்டி, எங்கிருந்தோ இறகு போன்ற உணர்கொம்புகளோடு இரண்டு ஆண்கள் அந்த வாசனையைப் பிடித்து வந்து வலையைச் சுற்றின. வலையைத் திறந்துவிட்டோம்.

வாலைப் பற்றிப் பலர் கேட்டார்கள். இதன் அமெரிக்க உறவான லூனா பூச்சியை வைத்துச் செய்த ஆய்வு 2015-ல் வெளியானது. பறக்கும்போது சுழலும் வால் வௌவாலின் ஒலியைக் குழப்புகிறது; பாதிக்கும் மேற்பட்ட தாக்குதல்கள் வாலைக் குறிவைத்தே நடந்தன. வால் போனாலும் பூச்சி பிழைத்துக்கொள்கிறது. தோட்டத்தில் நாம் பார்த்த ஆண்களில் ஒன்றுக்கும் ஒரு வால் பாதிதான் இருந்தது.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். அடுத்த ஆண்டுக்கு நான் முன்வைப்பவை இரண்டு. சித்திரையில் கோடைமழை விழுந்ததும் ஆளுக்கு இரண்டு ஒதியப் போத்து நடுவது. ஆனி, ஆடியில் தோட்டத்து வெளிவிளக்குகளைப் பத்து மணிக்கு மேல் அணைத்து வைப்பது. மாசி, பங்குனியில் ஒதியமரம் மொட்டையாக நிற்கும். பட்டுப்போனது என்று யாரும் வெட்டிவிட வேண்டாம். அடியில் கிடக்கும் சருகையும் கொளுத்த வேண்டாம். கூடுகள் அதில் இருக்கலாம்.

இவ்வறிக்கையை ஏற்று, இரண்டு தீர்மானங்களையும் நிறைவேற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்